என் வீட்டு டாங்கியை நான் துடைப்பதில்லை!

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. என் கல்யாணத்தில் வந்த குத்துவிளக்கு, பேரன் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பை, நாத்தனார் காசியிலிருந்து கொண்டு வந்த சொம்பு எல்லாம் அதில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை தவறாமல் ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்து வைப்பேன். ஒன்றை மட்டும் தொடமாட்டேன்.

நடுத் தட்டில், ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில், ராணுவ டாங்கி ஒன்று நிற்கிறது. பச்சை நிறம். மேலெல்லாம் புழுதி. சங்கிலிப் பட்டையில் சேறு. "என்ன மதினி, வீடு கண்ணாடி மாதிரி இருக்கு, இது மட்டும் இப்படி அழுக்கா கெடக்கே!" என்று வருகிறவர்கள் கேட்காமல் போவதில்லை. அந்த அழுக்கைச் சேர்க்க நாங்கள் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள்.

2023-ஆம் வருஷம், பொங்கல் கழிந்த மூன்றாம் நாள். எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி. காலை ஆறரை மணிக்கு என் கணவருக்குக் காபி கொடுத்தேன். வாங்கிய தம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. "பாத்துப் பிடிக்கக் கூடாதா?" என்று கடிந்து கொண்டே நிமிர்ந்தேன். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஏதோ சொல்ல வருகிறார், வார்த்தை குழறுகிறது. வலது கையைத் தூக்கச் சொன்னேன். தூக்க முடியவில்லை.

முகம் கோணுவது, கை தளர்வது, பேச்சுக் குழறுவது. இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தாலும் தாமதிக்கக் கூடாது என்று எப்போதோ படித்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது, கடவுள் புண்ணியம். 108-க்குப் போன் போட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரிக்குள் இருந்தோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். அதைக் கரைக்கும் மருந்தை, தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலனாம். எங்களுக்கு நேரம் இருந்தது. பேச்சு பத்து நாளில் ஓரளவு திரும்பியது. கால் ஒரு மாதத்தில் திரும்பியது. வலது கைதான் திரும்பவில்லை.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர். 1976-இல் இருபத்தோரு வயதில் சேர்ந்து, 2015-இல் ஓய்வு பெற்றார். சேர்ந்த காலத்தில் அங்கே விஜயந்தா டாங்கி தயாராகிக் கொண்டிருந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தாரின் வடிவமைப்பைக் கொண்டு நம் நாட்டில் செய்யப்பட்ட டாங்கி அது. ஆவடியில் முதல் வண்டி 1965 டிசம்பரில் வெளியே வந்தது. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட விஜயந்தாக்கள் நம் ராணுவத்துக்குப் போயின. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே எந்த அளவு போல்ட் என்று சொல்லும் கை, இவருடைய கை. அந்தக் கைக்கு இப்போது சட்டைப் பொத்தான் போட வரவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாவற்றையும் நானே செய்தேன். சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். பொத்தான் போட்டேன். தலை வாரினேன். மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டேன். பார்த்தவர்கள், "கொடுத்து வச்சவர்" என்றார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

பிஸியோதெரபிக்கு வந்த பெண் ஒரு வாரம் பேசாமல் பார்த்தாள். அப்புறம் என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு, "அம்மா, கோவிச்சுக்காதீங்க. ஐயாவோட கையை நீங்கதான் சும்மா உக்கார வைக்கிறீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மூளையில் பழுதுபட்ட இடத்தின் வேலையைப் பக்கத்துப் பகுதிகள் கற்றுக்கொள்ள முடியுமாம். ஆனால் அதே அசைவை நூறு தடவை, ஆயிரம் தடவை செய்தால்தான் கற்றுக்கொள்ளும். பயன்படுத்தாமல் விட்ட கையை மூளையே மறந்து விடுமாம்.

அவள் சொன்னபடி தட்டில் பட்டாணியைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடச் சொன்னேன். நாலு நாள் செய்தார். ஐந்தாம் நாள் தட்டைத் தள்ளி விட்டார். "நான் என்ன கோழியாளா?" என்றார். கூடமெல்லாம் பட்டாணி உருண்டது. பொறுக்கும்போது எனக்கும் அழுகை வந்தது.

மே மாதம் லீவுக்குப் பேரன் வந்தான். பதினொரு வயது. அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பிளாஸ்டிக் டாங்கிப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டி எடுத்து ஒட்ட வேண்டும். தாத்தா எட்டிப் பார்த்தார். "தாத்தா, நீங்க செஞ்ச டேங்க்கையும் இது மாதிரி செய்யலாமா?" என்றான். விசாரித்த கடைகளில் விஜயந்தா கிடைக்கவில்லை. "கிடைக்காட்டி என்னல? நாமளே செஞ்சிருவோம்" என்றார் இவர். நாலு மாதத்தில் அவ்வளவு நீளமாக அவர் பேசியது அன்றைக்குத்தான்.

அசல் அளவை 35-ஆல் வகுத்துக் கொள்ள வேண்டும் என்றான் பேரன். அதென்ன 35 என்று கேட்டேன். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானில் தமியா நிறுவனத்தார் ஒரு ஜெர்மன் டாங்கியை மோட்டார் வைத்துச் செய்தார்களாம். உள்ளே பேட்டரி வைக்க இடம் வேண்டுமே என்று உடலின் அகலத்தைத் தீர்மானித்தார்களாம். பிறகு கணக்குப் பார்த்தால் அசலில் 35-இல் ஒரு பங்கு வந்ததாம். அதுவே உலகமெங்கும் வழக்கமாகி விட்டது. அடுக்களையில் நாம் ஒரு நாள் கைக்கு வந்த ஆழாக்கை எடுத்து அளந்து, அப்புறம் ஆயுளுக்கும் அதுவே அளவாகி விடுவதில்லையா, அப்படித்தான்!

விஜயந்தா, பீரங்கிக் குழாயோடு சேர்த்து ஏறக்குறைய 9.8 மீட்டர் நீளம். வகுத்தால் 28 சென்டிமீட்டர். அகலம் 9 சென்டிமீட்டர். குழாயின் வாய் 105 மில்லிமீட்டர். வகுத்தால் சரியாக 3 மில்லிமீட்டர். எடையை மட்டும் கேட்காதீர்கள். அசல் 39 டன்!

உடலுக்குக் கனமான கல்யாணப் பத்திரிகை அட்டைகள். இரண்டு மூன்றாக ஒட்டிக் காயவைத்தால் மரப் பலகை மாதிரி விறைத்துக் கொள்கின்றன. பீரங்கிக் குழாய்க்குப் பழைய டிரான்சிஸ்டரின் ஏரியல். ஒன்றுக்குள் ஒன்று போகும் அந்தக் குழாய்களில் வேண்டிய பருமனைத் தேர்ந்தெடுக்கலாம். குழாயின் நடுவில் புகையை வெளியேற்ற ஒரு புடைப்பு உண்டு. அதற்குக் காகிதப் பட்டையைப் பசை தடவிச் சுற்றினார்கள். சங்கிலிப் பட்டைக்குப் பழைய சைக்கிள் டியூப். அதன்மேல் தீக்குச்சித் துண்டுகள்.

சக்கரம்? ஒரு பக்கத்துக்கு ஆறு பெரிய சக்கரம், மேலே மூன்று சின்ன உருளை, முன்னும் பின்னும் ஒவ்வொன்று. இரண்டு பக்கத்துக்கும் 22 உருப்படி. எல்லாம் ஒரே அளவில் அமைய வேண்டும். ஆற்றைத் தாண்டினால் அம்பாசமுத்திரம். அங்கே கடைசல் பட்டறை இருக்கும்போது நமக்கென்ன கவலை? நாம் சின்ன வயதில் விளையாடிய அம்பை மரச் சொப்புகள் அங்கே கடைந்தவைதானே! சுழலும் மரத்தின் மேல் அரக்குக் கட்டியை அழுத்தினால், அந்தச் சூட்டிலேயே அரக்கு உருகிப் பளபளவென்று ஒட்டிக்கொள்வதை நாளெல்லாம் பார்த்துக் கொண்டிருக்கலாம். பட்டறைக்காரர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "அம்மி, ஆட்டுக்கல், குடம் கேப்பாக. டேங்க்குக்குச் சக்கரம் கேட்டு வந்தது நீங்கதான் அண்ணாச்சி" என்றார். அரக்கு வேண்டாம், பச்சை மரமாகவே கொடுங்கள், வர்ணம் நாங்கள் பூசிக் கொள்கிறோம் என்றோம்.

அன்றிலிருந்து காலை ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் வேலை. இடது கை அட்டையைப் பிடிக்க மட்டும். வேலை முழுக்க வலது கைக்கு. பட்டாணி பொறுக்கும்போது பத்து நிமிஷத்தில் சலித்தவர், தீக்குச்சித் துண்டு பொறுக்கும்போது நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்தார். "களைப்பு வருமுன் நிறுத்திருங்க" என்று அந்தப் பெண் எச்சரிக்க வேண்டியதாயிற்று. பிளேடு மட்டும் என் பொறுப்பு. வெட்டுவதற்கு எடுத்துக் கொடுத்து, முடிந்ததும் எண்ணி வாங்கிப் பூட்டி வைப்பேன்.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன்.

சக்கரம் ஒட்டிய நாள் அது. கை நடுக்கத்தில் ஒன்று முன்னே, ஒன்று பின்னே, ஒன்று சாய்ந்து என்று ஒட்டியிருந்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. இரவு அவர் தூங்கியதும், பசை முழுக்கக் காயுமுன், ஒவ்வொன்றையும் நேராக்கி வைத்தேன். இடது பக்கம் மூன்றாவது சக்கரம் மட்டும் இறுகி விட்டதால் அசையவில்லை. நல்ல காரியம் செய்த திருப்தியோடு படுத்தேன்.

காலையில் அவர் டாங்கியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏளா, இதை யாரு தொட்டா?"

நான் பேசவில்லை.

"கோணலா ஒட்டினேன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு அதைவிடக் கொஞ்சம் நேரா ஒட்டுவேன். நீ நேராக்கிட்டா, என் கை தேறுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அப்படியே மேசையில் வைத்து விட்டுத் திண்ணைக்குப் போய் விட்டார். எட்டு நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பேரனும் ஊருக்குப் போய் விட்டான். அந்த எட்டு நாளும் நான் யோசித்தேன். ஊட்டியது, பொத்தான் போட்டது, சக்கரத்தை நேராக்கியது எல்லாம் அன்பினால்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காத்திருக்க முடியாத அவசரமும் அதில் இருந்தது. அவர் தட்டுத் தடுமாறுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்து கொண்டேன். ஆறுதல் அவருக்கல்ல, எனக்குத்தான்!

ஒன்பதாம் நாள் சோற்றைப் பிசையாமல் தட்டில் போட்டு அவர் முன் வைத்தேன். "தப்புதான். இனிமே தொடமாட்டேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாதி சோறு சிந்திச் சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கையைக் கழுவிக் கொண்டு நேரே மேசைக்குப் போனார்.

செப்டம்பர் கடைசியில் காலாண்டு லீவுக்குப் பேரன் வந்தபோது டாங்கி முடிந்து, பச்சை வர்ணமும் பூசியாகி விட்டது. தண்ணீரில் கரையும் வர்ணம்தான் வாங்கினோம். எனாமலும் தின்னரும் வாசனையே தலையைச் சுற்றும். வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. அப்போதும் ஜன்னலைத் திறந்து வைத்தே பூசினார்.

"தாத்தா, சூப்பர்! இனிமே அழுக்காக்கணும்" என்றான் பேரன்.

இவருக்கு வந்ததே கோபம்! "அழுக்கா? வர்ணம் ஒரு சொட்டு வழிஞ்சிருந்தா நான் வண்டியை விட மாட்டேன்ல. மினுமினுன்னுதான் வெளியே அனுப்புவோம்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தொன்பது வருஷம் டாங்கி செய்த மனிதர், புதுசாகத்தான் பார்த்திருக்கிறார். வாசலைத் தாண்டிப் போன பிறகு அது எப்படி இருந்தது என்று பார்த்ததே இல்லை!

எதிர் வீட்டில் மிலிட்டரிக்கார அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். 1980-களில் ராஜஸ்தான் பக்கம் விஜயந்தாவில் டிரைவராக இருந்தவர். சமாதானம் பேச அவரைக் கூட்டி வந்தான் பேரன். அவர் டாங்கியை வாங்கிப் பார்த்தார். "நம்ம வண்டிதான். ஆனா இது இன்னும் எங்க கைக்கு வரலை" என்றார். பிறகு ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டினார். "இங்க கால் வச்சுத்தான் ஏறுவோம். நாலு பேரும் ஏறி இறங்கி வர்ணம் தேஞ்சிரும். மூடியோட விளிம்புல கை பட்டுப் பட்டுத் தகரம் தெரியும். டீசல் ஊத்துற வாய்ல எப்பவும் ஒரு கறை. புழுதி மேல பாதியில கம்மி, கீழ போகப் போக ஜாஸ்தி." இவர் வாயைத் திறந்தபடி கேட்டுக் கொண்டிருந்தார். தான் முறுக்கிய போல்ட்டின் மேல் யார் யாரோ கால் வைத்து ஏறியிருக்கிறார்கள்! "உள்ள ரொம்பச் சூடோ?" என்று கேட்டார். அன்று இரண்டு பேரும் இரண்டு தம்ளர் காபி குடித்து, விளக்கு வைக்கும் வரை பேசினார்கள். அண்ணாச்சி போனதும், "சரிடே, அழுக்காக்கு" என்றார் இவர்.

அழுக்காக்குவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில், கறுப்பும் பழுப்பும் கலந்த வர்ணத்தை ரசம் மாதிரி நீர்க்கக் கரைத்து விட வேண்டும். அது இடுக்குகளில் ஓடித் தங்கும். சின்னப் பொருளில் வெளிச்சம் விழுந்து நிழல் தெரியாது. நிழலையும் நாம்தான் பூச வேண்டும். காய்ந்ததும், வெளிர்ப் பச்சையைத் தூரிகையில் தொட்டு, அதைத் துணியில் நன்றாகத் துடைத்து விட்டு, மிச்சத்தை விளிம்புகளில் லேசாகத் தேய்க்க வேண்டும். முனைகள் எழுந்து நிற்கும். மூன்றாவது, வர்ணம் பெயர்ந்த தடம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டைப் பிய்த்து, பழுப்பு வர்ணத்தில் தொட்டு, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும்.

இந்த வேலையில் பேரன் தோற்றான், தாத்தா ஜெயித்தார். பேரன் கை நிதானமான கை. ஒற்றியதெல்லாம் கோலப் புள்ளி மாதிரி வரிசையாக விழுந்தன. தாத்தாவின் நடுங்கும் கையில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று இழுபட்டு என்று நிஜமாகவே பெயர்ந்தது போல் விழுந்தன. "தாத்தாவுக்குத்தான் இது வரும்" என்று ஸ்பாஞ்சைக் கொடுத்து விட்டான். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

சங்கிலிக்குப் பென்சில் கரித்தூளைத் தேய்த்தால் இரும்பு மினுக்கம் வந்தது. புகைப் போக்கிக்குக் காவியும் அடுப்புக் கரியும். புழுதிக்கு என்ன செய்வது? ராஜஸ்தான் புழுதி கடலை மாவு நிறம் என்றார் அண்ணாச்சி. "கடலை மாவையே தூவிட்டா?" என்றேன். "வண்டுதான் டேங்க் ஓட்டும்" என்று சிரித்தார்கள். ஆற்றங்கரை வண்டலைக் கொண்டு வந்து காயவைத்து இடித்தேன். அதில் சாக்பீஸ் பொடியும், துளி மஞ்சள் காவியும் கலந்தேன். எட்டு முழ வேட்டித் துணியில் சலித்தேன். ஏன் அவ்வளவு நைஸாக என்றால், ஒரு மில்லிமீட்டர் மணல் பருக்கை இந்த டாங்கிக்கு மூன்றரை சென்டிமீட்டர் கல்! பசையைத் தண்ணீராகக் கரைத்து, கீழ்ப் பாதியில் பூசி, மேலே தூவினோம். ராஜஸ்தான் வண்டிக்குத் தாமிரபரணி மண்.

கடைசியில் பேரன் அந்தக் கோணல் சக்கரத்தைக் கண்டுபிடித்தான். இடது பக்கம் மூன்றாவது. "சேறு அப்பி மறைச்சிரலாம் தாத்தா."

"கெடக்கட்டும்ல. அது ஜூன் மாசத்துக் கை" என்றார் இவர்.

அந்த வருஷ நவராத்திரிக் கொலுவில், மரப்பாச்சிக்கும் அம்பைச் சொப்புக்கும் பக்கத்தில் விஜயந்தா நின்றது.

இப்போது அவர் சட்டைப் பொத்தானை அவரே போட்டுக் கொள்கிறார். ஐந்து பொத்தானுக்கு நாலு நிமிஷம். கை முழுக்கத் தேறி விட்டது என்று சொல்ல மாட்டேன். எழுத்து இன்னும் கோழிக் கிறுக்கல்தான். ரத்த அழுத்த மாத்திரையும் மாதாந்தரப் பரிசோதனையும் தவறுவதில்லை. இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், டாங்கிதான் செய்ய வேண்டுமென்பதில்லை. பூ கட்டுவதோ, தையலோ, விதை விதைப்பதோ, அவர் முன்பு விரும்பிச் செய்த ஒரு கைவேலையைத் தேடிப் பிடியுங்கள். சிகிச்சை செய்பவரிடம் கேட்டு, கைக்கு ஏற்றபடி அதைப் பழக்குங்கள். பிளேடு, ஊசி, அடுப்பு இவற்றை மட்டும் உங்கள் கண்காணிப்பில் வையுங்கள். மற்றதில் கை வைக்காதீர்கள்.

இதில் கஷ்டமான பகுதி நமக்குத்தான். அந்த நாலு நிமிஷமும் நான் அடுக்களை வாசலில் கையைக் கட்டிக் கொண்டு நிற்கிறேன். மூன்றாவது பொத்தான் நழுவும். விரல் திரும்பத் தேடும். என் கை துறுதுறுக்கும். அப்போது அலமாரியைப் பார்த்துக் கொள்வேன்.